போடுவதற்கு முன் கூப்பிடவும்

எழிலன் மோட்டாரைப் போட்டான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். மாத்திரை டப்பாவில் அன்றைய காலைக்கான குழியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினான். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று பாதியாக உடைத்தது. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். அவளுக்குச் சர்க்கரை போட்டு, தனக்குப் போடாமல், இரண்டு டம்ளர் காப்பி கலந்தான்.

பிரிசில்லா கட்டிலில் மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். சித்திரையிலிருந்தே அவள் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சின்ன வயதில் வந்துபோன ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஆவணி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும்.

"மாத்திர."

"வச்சிட்டுப் போ."

"வச்சிட்டுப் போனா அப்பிடியே கெடக்கும். முழுங்கு."

அவள் முழுங்கினாள். மடியில் இருந்த போனை எடுத்து அடுத்த எண்ணைத் தேடினாள். பள்ளிக்கூடத்து ஆட்களைக் காலையிலேயே பிடித்துவிட வேண்டும், பெல் அடித்துவிட்டால் கிடைக்க மாட்டார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

"வணக்கம் சார், 'வகுப்பு'லேர்ந்து பிரிசில்லா பேசுறேன். மெஷின் போட்டிருக்கீங்களா? கீழ வலது மூலையில ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. அதப் படிங்க."

'வகுப்பு' அவர்கள் இரண்டு பேரும் எழுதிய மென்பொருள். சிதம்பரத்தில் எம்.சி.ஏ. படித்தபோது கடைசி வருடப் புராஜெக்டாக ஆரம்பித்தது. மார்க், வருகைப்பதிவு, மாற்றுச் சான்றிதழ் என்று ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. பெரிய பள்ளிகள் சென்னைக் கம்பெனிகளிடம் போய்விட்டன. இவர்களிடம் வந்தவை ஒரே ஒரு கம்ப்யூட்டரும் அதற்கு ஒரு துணி உறையும் வைத்திருந்த பள்ளிகள். கடலூரிலிருந்து கொள்ளிடக்கரை வரை அப்படி முப்பது சொச்சம் இருந்தன. புதிதாக ஏதாவது சேர்த்தால் சிடியில் பதிந்து, உறையில் ஊர்ப்பெயர் எழுதி, பஸ் டிரைவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்து ஆள் மறுநாள் ஸ்டாப்பிங்கில் வந்து வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு உறையிலும் ஊர்ப்பெயருக்குக் கீழே பிரிசில்லா தன் கையால் எழுதுவாள்: போடுவதற்கு முன் கூப்பிடவும்.

கூப்பிடுவார்கள். அவள் அந்த மூலை நம்பரைக் கேட்பாள்.

'வகுப்பு' எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டிருந்ததோ அந்த மொழிக்கும் பதிப்பு உண்டு. மூலை நம்பர் அதைத்தான் காட்டும். சில பள்ளிகளின் மெஷினில் நான்காம் பதிப்பு, சிலவற்றில் ஐந்தாம் பதிப்பு. ஐந்தில் எழுதினால் நான்கில் ஓடாது. இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் எதையும் இரண்டு விதமாக எழுத வேண்டும். மூன்று வருடமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் அந்த வீட்டில் சண்டை வரும். வேறு எதற்கும் அவ்வளவாக வந்ததில்லை.

போன மாதம் வந்தது.

"அஞ்சுல ஒரு வரியில முடியறது நாலுக்கு இருவது வரி பிரிசி. யாருக்காக எழுதுறோம்?"

"இருக்கறவங்களுக்காக."

"அந்த மொழிய செஞ்சவனே கைய வுட்டுட்டான். ஆகஸ்டோட சரி, இனிமே நாலுல ஓட்ட வுழுந்தா அடைக்க மாட்டோம்னு சொல்லிட்டான். ஒனக்கு இன்னா?"

"அவனுக்குக் குமராட்சி காத்தவராயன் சாரத் தெரியாது."

"நாம ஒரு தேதி சொல்லுவோம். செப்டம்பர் ஒண்ணு. அதுக்குள்ள மாத்துறவன் மாத்தட்டும். மாத்தாதவன் பழசயே ஓட்டிகினு கெடக்கட்டும்."

"பழசுல மார்க் ஷீட்ல புள்ளைங்க பேரு தமிழ்ல வராது. ஊரு பூரா தமிழ்ல வரும், அந்தப் புள்ளைங்களுக்கு மட்டும் வராது. அப்பிடித்தான?"

"அப்பிடித்தான்."

"தேதி சொல்றது ஈசி எழில். வாயால சொல்லிட்டா போச்சு."

நான்கில் இருந்தவர்களை அவன் 'உன் சொந்தக்காரங்க' என்பான். அவளும் அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியாக ஐந்துக்கு மாறும்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஏதோ உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததைச் சொல்வதுபோலச் சொல்வாள்: "குறிஞ்சிப்பாடி வந்துட்டாங்க." அடுத்த வாரம்: "புவனகிரி சிஸ்டரும் வந்துட்டாங்க." கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேதி கிடையாது. கடைசிப் பள்ளி மாறும் அன்று நான்கை எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் கிடையாது.

கடைசியாக மிஞ்சியது குமராட்சி.

அங்கே இருந்த மெஷின் யாரோ வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் கொள்ளிடத்துத் தண்ணீர் முட்டி அளவு பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது அது நனைந்தது. கிளார்க் காத்தவராயன் அதைத் தலையில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார். தண்ணீர் வடிந்ததும் வெயிலில் காயவைத்தார். போட்டுப் பார்த்தார். ஓடியது. அன்றிலிருந்து யாரையும் அதைத் தொட விடவில்லை. சர்வீஸ் பண்ண வந்தவன் திறந்தால் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டான். எழிலன் ஒரு முறை நேரில் போனான். ஹெட்மிஸ்ட்ரஸ் மெஷின்மேல் மாதா படம் ஒட்டியிருந்தார். காத்தவராயன் அதன் ஓரமாக விபூதி பூசியிருந்தார். "நல்லாத்தான சார் ஓடுது, ஏன் சார் அதப் போயி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டான்.

அன்று காலை பிரிசில்லா கடைசியாகக் கூப்பிட்டது அவரைத்தான். எழிலன் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். அவள் பேசுவது மட்டும் கேட்டது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"நல்லா இருக்கேன் சார்... ம்... அது ஆவணியில... நம்பரு சார். மூலையில." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ன சார் சொல்றீங்க? எப்ப போட்டீங்க?... யாரு வந்து போட்டாங்க?... சரி சார். சந்தோசம் சார்."

போனை மடியில் வைத்துவிட்டாள். "எழில்" என்றாள்.

அவன் வாசலுக்கு வந்து நின்றான்.

"குமராட்சி வந்துட்டாங்க."

"அஞ்சுக்கா?"

"அஞ்சுன்னாரு."

"விபூதிய அழிச்சிட்டாரா?"

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். வந்தது. இருமி முடித்து, "எடுத்துடு" என்றாள்.

"நெஜமாவா? அப்புறம் பேச்சு மாத்தக் கூடாது."

"எடுத்துடுன்னு சொல்லிட்டன்ல."

அவன் இளவரசுவுக்குப் போன் செய்தான். இளவரசு அவளுடைய தம்பி. மஞ்சக்குப்பத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி இவர்களோடு வேலை பார்க்கிறான். சிடி பதிந்து அனுப்புவது அவன் பொறுப்பு.

"டேய், அஞ்சு மட்டும் இருக்கறத எல்லாத்துக்கும் போட்டு அனுப்பு. நாலு வேணாம்."

"அக்கா ஒத்துகிச்சா மாமா?"

"ஒத்துகிச்சு."

"இன்னிக்கி மழ வரும்" என்றான் இளவரசு. "கவரெல்லாம் அக்கா எழுதியே குடுத்துடுச்சு. பதியறது மட்டுந்தான் பாக்கி. எட்டர மணி பஸ்ஸுக்கே ஏத்திடறேன்."

எழிலன் சட்டையை மாட்டினான். "இட்லி எத்தன?" என்று கேட்டான்.

"ரெண்டு. சாம்பார் வேணாம். உப்பு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் இன்னும் ஒன்று சொன்னாள். "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். செம்மண்டலம் முனையில் சௌந்தரம் அக்கா கடையில் கூட்டம். இட்லி அடுத்த ஈடு வேக வேண்டும் என்றார்கள். நின்று வாங்கிக்கொண்டு வந்தான்.

பிரிசில்லா அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். தலை கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. காப்பி பாதி இருந்தது. அவன் இட்லிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். தட்டு எடுத்துவர அடுக்களைக்குப் போனான். தட்டைக் கழுவினான். திரும்பி வந்து "பிரிசி" என்றான். தட்டைக் கீழே வைத்தான். கையைத் தொட்டான். பிறகு தோளைத் தொட்டான்.

கீழ்வீட்டுக்காரர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே போயிருக்கும் என்றார். இளவரசு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்தான். சிடிகள் எல்லாம் அதற்குள் ஏறிப் போயிருந்தன. "எல்லாம் அனுப்பிட்டேன் மாமா" என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தவன், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

*

மத்தியானம் அவளுடைய அம்மா ராஜாமணி சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வரும்போதே அழுது முடித்திருந்தாள். மகளின் முகத்தைத் துடைத்தாள். தலை வாரினாள். பின்னலை முன்னால் போட்டாள். அப்புறம் எழிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னா சொன்னா தம்பி?"

எழிலன் ஐஸ் பெட்டிக்காரன் ஒயரைச் சொருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்களத்தான் கேட்டா அத்த" என்றான்.

ராஜாமணி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சபையிலிருந்து வந்த போதகர் கேட்டார். ஜெபம் பண்ணினாள் என்றான். கீழ்வீட்டு அம்மா கேட்டாள். தண்ணி கேட்டாள் என்றான். குடிகாட்டிலிருந்து டாடா ஏஸ் வண்டியில் உறவுக்காரர்களோடு வந்த அவனுடைய அப்பா தங்கராசு மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து மகன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது கேட்க வந்தால், "வுடும்மா, அவன் கொஞ்சம் ஒக்காரட்டும்" என்றார்.

எங்கே அடக்கம் செய்வது என்று ஒரு பேச்சு எழுந்தது. குடிகாட்டு ஆட்களில் ஒருவர், கட்டிக்கொடுத்த பெண்ணை மாமனார் ஊருக்குத்தான் எடுத்துப்போக வேண்டும் என்றார். தங்கராசு சொன்னார்: "எங்க ஊருல எங்கப்பாவப் பொதச்ச எடத்துலயே இன்னிக்கி கம்பெனிக்காரன் காம்பவுண்டு எழுப்பிட்டான். மருமவள எங்க வெக்கிறது? சிதம்பரத்துல அவுங்க கல்லறையில வெய்யுங்க. கேட்டு பூட்டி சாவி வச்சிருக்காங்க. போயி பாத்துட்டு வரலாம்." அத்தோடு அது முடிந்தது.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். எழிலன் பெட்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். எதிரில் இளவரசு. பிரிசில்லாவின் போன் எழிலன் சட்டைப் பையில் இருந்தது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பல முறை அடித்தது. பள்ளிக்கூடங்கள். சிடி கைக்கு வந்து சேர்ந்திருக்கும். போடுவதற்கு முன்னால் கூப்பிடுகிறார்கள்.

"நான் பேசட்டா மாமா?"

எழிலன் போனை அவனிடம் கொடுத்தான். இளவரசு ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி சொன்னான். "அக்கா எறந்துட்டாங்க சார். நேத்து. ஆமா சார். நீங்க சிடிய போட்டுக்குங்க, ஒண்ணும் பிரச்சன இல்ல." வெள்ளாற்றுப் பாலத்தில் சிக்னல் விட்டுப்போனது. பாலம் தாண்டியதும் மறுபடி அடித்தது.

சிதம்பரத்தில் சபைக்கு முன்னால் எழிலனுக்குத் தெரியாத ஆட்கள் நின்றார்கள். கதர்ச் சட்டை போட்ட ஒருவர். இரண்டு கன்னியாஸ்திரிகள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த ஒரு டீச்சர். அவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியின் பக்கம் வந்து குனிந்து முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இவ்ளோ சின்னப் பொண்ணா?" என்றாள் டீச்சர். "கொரல வச்சி நான் ஒரு நாப்பது வயசுன்னு நெனச்சேன்."

ஒரு கன்னியாஸ்திரி எழிலனிடம் வந்து, "நான் புவனகிரி" என்றார். பெயர் சொல்லவில்லை. "நாங்க போன மாசமே அஞ்சுக்கு வந்துட்டோம். அவுங்கதான் போன்லயே சொல்லிக் குடுத்தாங்க." அழுதுகொண்டே சொன்னார்.

எழிலன், "சொன்னா சிஸ்டர்" என்றான்.

*

அடக்கம் முடிய நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே இருந்த குழாயில் கை கழுவ வரிசையாக நின்றார்கள். எழிலன் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ரோட்டில் ஒரு மினிபஸ் நின்று, ஒருவர் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. காத்தவராயன்.

"முடிஞ்சிடுச்சா சார்?"

"இப்பத்தான்."

"கொள்ளிடத்துல தண்ணி வுட்டுட்டான். ரோட்டுல ஒரு எடத்துல பஸ்ஸு சுத்திகிட்டு வந்திச்சு. இல்லன்னா முன்னாடியே வந்துருப்பேன்." அவர் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். புதுமண்ணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கை கழுவியவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தார். பிரித்திருக்கவில்லை.

"மத்தியானந்தான் ஸ்டாப்பிங்குக்குப் போயி இத வாங்கிகிட்டேன். வாங்கும்போது டிரைவர்தான் சொன்னாரு, மேடம் எறந்துட்டாங்கன்னு. நேரா வந்துட்டேன். இத வூட்டுல வெக்கக்கூட இல்ல." உறையைத் திருப்பிக் காட்டினார். குமராட்சி. அதற்குக் கீழே அந்த வரி. "போடறதுக்கு முன்னாடி கூப்புடச் சொல்லி எழுதியிருக்காங்க சார். இனிமே யாரக் கூப்புடறது?"

எழிலன் உறையைப் பார்த்தான். அவள் கையெழுத்தில் 'கூ' எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

"சார்" என்றான். "கீழ வலது மூலையில ஒரு நம்பர் இருக்கும்ல."

"இருக்கும் சார்."

"அது என்னா?"

காத்தவராயன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "மேடத்துகிட்ட நேத்தே சொல்லிட்டனே சார். அஞ்சு."

"முழுசா சொல்லுங்க."

"முழுசான்னா?"

"எப்பவும் புள்ளி வச்சிப் படிப்பீங்கல்ல. அது மாதிரி."

பின்னால் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். ராஜாமணி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தவராயன் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நாலு புள்ளி மூணு புள்ளி பத்து" என்றார்.

எழிலன் குழாயடியிலிருந்து விலகி அவர் பக்கம் வந்தான்.

"மேடத்துக்கு மூச்சு வாங்கிச்சு சார். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல நான் பயந்துகிட்டே நிப்பேன், அடுத்தது வருமான்னு. போன வாரமே ஒங்க மச்சான் போன்ல சொன்னாரு, நெஞ்சுல ஆபரேசன், எங்க மெஷினு ஒண்ணுக்காகத்தான் இன்னும் ஒக்காந்து எழுதிகிட்டு இருக்காங்கன்னு. எனக்குப் போயி அந்த அம்மா இந்த நெலமையில... அஞ்சுன்னு சொல்லிட்டா வுட்டுடுவாங்க, நாலு நாளு படுத்து எந்திரிப்பாங்கன்னு நெனச்சேன். எங்களுக்குப் பழசு போதும் சார். புள்ளைங்க பேரு இங்கிலீசுல வந்தா என்னா, படிக்கத்தான போறாங்க." அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "நல்லதுன்னு நெனச்சித்தான் சார் சொன்னேன்."

"அஞ்சுன்னு மட்டும் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"மீதி?"

"அஞ்சுக்குப் பின்னாடி என்னா வரும்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? நான் அதப் பாத்ததே இல்லயே."

எழிலனுக்கு, அந்த இடத்தில், சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டை வரை வந்தது. அது மேலே வரவில்லை. கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டான்.

"இதப் போடாதீங்க. போட்டா ஓடாது. வேற அனுப்புறேன்."

"வேணாம் சார். ஒங்களுக்கு எதுக்கு இந்த நேரத்துல..."

"அனுப்புறேன் சார். போடறதுக்கு முன்னாடி கூப்புடுங்க."

காத்தவராயன் தலையை ஆட்டினார். மினிபஸ் திரும்பிப் போவதற்காக ஹாரன் அடித்தது. "மேடம் நம்பிட்டாங்களா சார்?" என்று கேட்டார். அதற்குள் தங்கராசு வந்து மகனின் தோளில் கை வைத்து வேன் பக்கமாக நடத்திக்கொண்டு போனார்.

*

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் எழிலன் கடலூருக்குத் திரும்பினான். ராஜாமணியும் இளவரசுவும் கூடவே வந்தார்கள். வீட்டில் இட்லிப் பொட்டலம் மேஜையிலேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. ராஜாமணி அதை எடுத்துக் கொட்டிவிட்டு மேஜையைத் துடைத்தாள். மூன்று தலையணைகளின் உறைகளையும் கழற்றி ஊறவைத்தாள்.

எழிலன் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைப் போட்டான். பெயர்களைத் தமிழில் அச்சிடும் பகுதியை நான்காம் பதிப்புக்காக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இறந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை எழுதியிருந்தாள். பாதியில் நின்றது. ஒரு அடைப்புக்குறி திறந்தபடியே இருந்தது. அவன் அதிலிருந்து தொடர்ந்தான்.

இளவரசு பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான்.

"இது நாலுக்கு எழுதறதுல்ல மாமா?"

"ஆமா."

"ஒரே ஒரு ஸ்கூலு."

"ஆமா."

"நேத்து மொழிக்காரன் கடைசி ரிப்பேரும் வுட்டுட்டான். இனிமே அதுல ஒண்ணும் வராது. எத்தினி நாளைக்கி இத இழுக்கறது?"

"அந்த மெஷினு இருக்கற வரைக்கும்."

"அக்காவே எடுத்துடுன்னுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னா."

இளவரசு மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தான். ராஜாமணி அடுக்களையிலிருந்து அவனைக் கூப்பிட்டு, கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கிவரச் சொன்னாள். அவன் போனான்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒருமுறைக்கு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான். அச்சிட்டுப் பார்த்தான். தாளில் 'வெண்மதி' என்று ஒரு மாதிரிப் பெயர் வந்தது; அவள் எப்போதும் சோதித்துப் பார்க்க அதைத்தான் போடுவாள். சிடியில் பதிந்தான். புது உறை ஒன்றை எடுத்துக் குமராட்சி என்று எழுதினான். அதற்குக் கீழே அந்த வரியை எழுதினான். அவளுடைய நம்பரையே போட்டான். போன் இப்போது அவனிடம்தான் இருந்தது.

ராஜாமணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றாள். மேஜைமேல் கிடந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள். மீதிக் குழிகளில் மாத்திரைகள் அப்படியே இருந்தன. மூடினாள்.

"தம்பி."

"சொல்லுங்க அத்த."

"அவ கடைசியா என்னக் கேட்டான்னு சொன்னீங்க."

எழிலன் உறையின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பத்து மாசம் சொமந்து பெத்தவ நானு. அவ என்னக் கேக்கற ஆளா? காலையில எந்திரிச்சா என் ஞாவகமா வரும் அவளுக்கு?" குரலில் கோபம் இல்லை. "என் மனசு ஆறட்டும்னு சொன்னீங்க. சரி. ஆறிடுச்சு. இப்ப நெஜத்தச் சொல்லுங்க. என்னாதான் சொன்னா?"

வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போட்டுவிட்டு மறந்திருந்தார்கள். தொட்டி வழிய ஆரம்பித்திருந்தது. எழிலன் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தான். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து அவள் சொன்னதை, நடுவில் அவள் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் நிறுத்தி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அத்தையிடம் சொன்னான்.

"காத்தவராயன் சாரு எப்பவும் புள்ளி வச்சி முழுசாப் படிப்பாரு எழில்... இன்னிக்கி வெறும் அஞ்சுன்னாரு. சாயங்காலம் இன்னொரு தடவ கேட்டுடணும்."